மெயிலில் வந்த தமிழ் வாசிக்க முடியாவிட்டால்



முன்னெல்லாம் கடிதம் என்றால் தபால்காரர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பதுதான். இப்போது வேலை அழைப்பு, நேர்முகப் பரீட்சைத் திகதி, பிள்ளைகளின் பல்கலைக்கழக அறிவித்தல் எல்லாம் போனுக்குள்ளே ஈமெயிலாக வந்து விழுகின்றன. வருவது சரி. திறந்து பார்த்தால் தமிழுக்குப் பதிலாக ஏதோ கிறுக்கல். பலர் "வைரஸ்" என்று பயந்து அழித்துவிடுகிறார்கள். அது வைரஸ் அல்ல. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி வாசிப்பது என்பதே இந்த முறைப் பாடம்.

நாங்கள் இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

உயர்தரம் முடித்த நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கல்முனைப் பக்கத்து நிறுவனமொன்றில் பயிற்சிநெறிக்கு விண்ணப்பம் போட்டிருந்தது. அங்கிருந்து ஒரு மெயில் வந்தது. திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. நடு நடுவே அரைப்புள்ளி. டவுனில் கொமியூனிகேஷன் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "இது வைரஸ் மெயில், அழிச்சிருங்க" என்றார்களாம். பிள்ளையும் அழித்துவிட்டது. நல்ல காலம், இரண்டு நாள் கழித்து அதே மெயில் மறுபடி வந்தது. இந்த முறை அதன் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை இறக்கி வைத்த கையோடு போனைத் தூக்கிக்கொண்டு நம் காரியாலயத்துக்கு வந்துவிட்டார். "ஐயா, இதில 22 என்டு ஒரு நம்பர் இருக்கு, 9.00 என்டு இருக்கு. வைரஸ் மணி சொல்லுமா?" என்று கேட்டார். கேள்வி சரியான கேள்வி.

நம் காரியாலயத்தில் ஒரு மூத்த கிளார்க் இருக்கிறார். அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர். அவர் போனைப் பார்த்தார். பிறகு கம்பியூட்டர் கீபோர்ட்டில் விரல்களை வைத்து, மெயிலில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்துவது போலத் தொட்டுப் பார்த்தார். பெரிய என், சின்ன ஈ, யூ, அரைப்புள்ளி, பெரிய கே, எஃப், ஜீ, அரைப்புள்ளி. "நேர்முகப்" என்றார். அடுத்த சொல் "பரீட்சை". எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று திகதி 20. பரீட்சை 22, காலை 9 மணி, கல்முனையில்.

மலையிறங்கிக் கிழக்குக் கரைக்குப் போவது ஒரு பகல் பஸ் பயணம். மறுநாள் விடியக் காலமே பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு நம்மில் ஒருவர் கூடவே போனார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது?

கம்பியூட்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இலக்கம் மட்டும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் செக்ரோல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்தில் 214 என்றால் ஒரு ஆள். பக்கத்துத் தோட்டத்தில் 214 என்றால் வேறு ஆள். நம் செக்ரோல் இலக்கத்தை எழுதி அனுப்பி, அங்கே அவர்கள் தங்கள் செக்ரோலை விரித்துப் பார்த்தால் யாருடைய பேரோ வரும். இலக்கத்தில் பிழையில்லை, புத்தகம்தான் வேறு.

1963ல் அமெரிக்காவில் முதலில் வெளியிட்ட செக்ரோல் ஆங்கிலத்துக்கு மட்டுமே. அதில் மொத்தம் 128 இடம். தமிழுக்கு இடமே இல்லை. பிறகு கம்பியூட்டரில் தமிழ் அச்சிட ஆசைப்பட்டவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்தச் சட்டைக்குத்தான் பொன்ட், அதாவது எழுத்துரு என்று பெயர். இலங்கையில் இப்படி மிகவும் பரவியது 'பாமினி'. கல்யாணக் கார்டு, நோட்டீஸ், பாடசாலை வினாத்தாள் என்று எத்தனையோ பாமினியில் அடித்தவைதான்.

பாமினியில் 'எம்' என்ற ஆங்கில எழுத்துக்கு 'அ' சட்டை. 'கே'க்கு 'ம' சட்டை. அரைப்புள்ளிக்கு மேற்புள்ளி. 'எச்'சுக்கு 'ஆ' கால். ஆகவே 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கடைக்காரரின் கம்பியூட்டரில் பாமினி இருப்பதால் அவருக்கு அம்மா தெரியும். அதை அப்படியே கொப்பி பண்ணி மெயிலுக்குள் பேஸ்ட் பண்ணினால் சட்டை கழன்றுவிடும். நமக்கு வந்து சேர்வது வெறும் எம், கே, அரைப்புள்ளிதான்.

அப்படியானால் நம் கிளார்க் எப்படி வாசித்தார்? பாமினியின் சட்டைகளைப் பெரும்பாலும் பழைய தமிழ் டைப்ரைட்டரின் வரிசைப்படி மாட்டியிருக்கிறார்கள். நடு வரிசையில் ய, ள, ன, க, ப, கால், த, ம, ட. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவர்களின் விரலுக்கு இது மறக்காது. இலக்கங்களுக்குப் பாமினியில் சட்டை மாற்றம் இல்லை. அதனால்தான் அந்தத் தாய்க்கு 22ம் 9.00ம் அப்படியே தெரிந்தன. கிறுக்கலுக்கு நடுவே திகதி, நேரம் மாதிரி ஏதும் தெரிந்தால் அழிக்கவே வேண்டாம். முதலில் யாரிடமாவது காட்டுங்கள்.

இந்தக் கூத்துக்கு மருந்தாக வந்ததுதான் யுனிகோட். 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். யுனிகோட் செக்ரோல் அல்ல, தேசிய அடையாள அட்டை மாதிரி. ஒரு எழுத்துக்கு ஒரு இலக்கம், உலகம் முழுக்க அதே இலக்கம். 'அ' என்றால் கல்முனையிலும் அதே, கனடாவிலும் அதே. விண்டோஸ் 2000 கம்பியூட்டருக்கு 'லதா' என்ற தமிழ் எழுத்துருவோடு இது வந்தது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008ல் தமிழுக்கான நியமத்தை எஸ்.எல்.எஸ். 1326 என்று வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசும் 2010ல் யுனிகோட்டை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு நடந்தும் பாமினி ஏன் இன்னும் போகவில்லை என்று நாங்களும் யோசித்தோம்.

விடை கல்முனைக் கடைத்தெருவில் கிடைத்தது. பரீட்சை முடிந்த பிறகு, அந்த மெயிலை அடித்து அனுப்பிய டைப்செட்டிங் கடையை விசாரித்துக்கொண்டு போனோம். சண்டை பிடிக்க அல்ல, தெரிந்துகொள்ளத்தான். கடைக்கார நானா முதலில் நம்பவில்லை. "எனக்கு இஞ்ச வடிவாத் தெரியுதே சேர், பாருங்க" என்று தன் கம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், முத்து முத்தாகத் தமிழ். பிறகு பிள்ளையின் போனைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "ஸெக், இவ்வளவு காலமும் இப்பிடித்தான் அனுப்பியிருக்கன்" என்றார்.

பிறகு தேத்தண்ணி வரவழைத்துத் தந்து தன் பக்கத்து நியாயத்தையும் சொன்னார். அச்சகத்துக்காரர்கள் பாமினியில்தான் கேட்கிறார்கள். பழைய ஃபைல் எல்லாம் பாமினி. கையும் அதற்குத்தான் பழக்கம். யுனிகோட்டில் அடித்தால் சில பழைய அச்சு மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிவிடுகிறதாம். அவர் சொன்னது பொய்யல்ல. தாளில் அச்சடிக்கும் மட்டும் பாமினியால் யாருக்கும் தீங்கில்லை. தாளை விட்டு மெயிலுக்குள் நுழையும்போதுதான் வினை.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. நம் காரியாலயத்திலிருந்து முன்பு அந்தப் பக்கம் போன ஒரு தமிழ் மெயில் அவருடைய பழைய கம்பியூட்டரில் வேறு விதமான குப்பையாகத் தெரிந்ததாம். ஆக, குழப்பம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை.

பார்த்தவுடன் அடையாளம் காண்பது

காய்ச்சல் என்றால் என்ன காய்ச்சல் என்று பார்த்துத்தானே மருந்து? இதுவும் அப்படியே.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறைய அரைப்புள்ளியும் தெரிந்தால் அது பாமினி, அல்லது அதன் இனம். முழுக்க மீட்கலாம். இணையத்தில் 'பாமினி யுனிகோட் மாற்றி' என்று தேடினால் இலவசமாகப் பல கிடைக்கும். மெயிலில் உள்ளதைக் கொப்பி பண்ணி மேல் பெட்டியில் போட்டால், கீழ்ப் பெட்டியில் தமிழ் வரும். ஒரு எச்சரிக்கை: அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் உள்ள பகுதியைத் தெரியாத தளத்தில் போடவேண்டாம். இலக்கம் எப்படியும் வாசிக்கக் கூடியதாகத்தான் இருக்கும். மற்ற வரிகளை மட்டும் மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, அடிக்கும்போது வரித் தொடக்கத்தில் சின்ன எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகிவிடுவதும் உண்டு. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. ஆகவே 'அறிவித்தல்' என்பது 'ஆறிவித்தல்' என்று வந்தால் பயப்படாமல் திருத்தி வாசியுங்கள். சிங்களக் கடிதம் இப்படி வந்தாலும் இதே கதைதான். அங்கே 'எஃப்.எம். அபய' போன்ற எழுத்துருக்கள்.

இரண்டாவது வகை. தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இல்லாவிட்டால் மேலே ஒரு சின்னக் கோடு, இப்படியே திரும்பத் திரும்ப வரும். கல்முனை நானாவின் கம்பியூட்டரில் தெரிந்தது இதுதான். இது யுனிகோட் தமிழேதான். வந்த இடத்தில் பிழையாக வாசிக்கப்படுகிறது. யுனிகோட் தமிழை மெயிலில் அனுப்பும்போது ஒவ்வொரு குறியையும் மூன்று துண்டாக்கி அனுப்புகிறார்கள். 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறி. அது 15 துண்டு. வாங்கும் பக்கம் மூன்று மூன்றாகச் சேர்த்து வாசிக்காமல் ஒவ்வொரு துண்டையும் ஒரு எழுத்தென்று நினைத்தால் 15 குப்பை வரும்.

ஏன் பிழையாக வாசிக்கிறது? ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் நமக்குத் தெரியாமல் ஒரு லேபல் போகிறது. உள்ளே இன்ன வகை எழுத்து என்று அது சொல்லும். தேயிலை மூட்டையில் கிரேட் குத்தி அனுப்புகிறோமே, அது போல. மூட்டையில் பி.ஓ.பி. என்று இருந்தால் திறக்காமலே தெரியும். குத்து அழிந்துபோனால் வாங்குபவன் ஊகிக்கத்தான் வேண்டும், ஊகம் பிழைக்கும். சில கம்பியூட்டர் மெயில் நிரல்களில் 'என்கோடிங்' என்ற ஒரு தெரிவு இருக்கும். அதில் 'யூ.டி.எஃப். 8' என்பதைத் தெரிவு செய்தால் தமிழ் திரும்பிவிடும். போனில் அப்படி வந்தால் அதே மெயிலை வேறொரு போனிலோ கம்பியூட்டரிலோ திறந்து பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெறும் சதுரப் பெட்டிகள் வரிசையாக வந்தால் மெயில் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் போனில்தான் தமிழ் எழுத்துரு இல்லை. பழைய போன்களில் இது சகஜம். அந்த மெயிலை அப்படியே மகனுக்கோ மகளுக்கோ ஃபோர்வர்ட் பண்ணினால் அவர்களுடைய போனில் தமிழாகவே தெரியும்.

கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக வந்தால்தான் கவலை. வழியில் ஏதோ ஒரு பழைய மென்பொருள், தனக்குத் தெரியாத ஒவ்வொரு எழுத்தையும் எடுத்து எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டது. மூலம் அழிந்துபோச்சு. எந்த மாற்றியில் போட்டாலும் வராது, அதற்குக் காசு கேட்பவர்களிடம் கொடுக்கவும் வேண்டாம். அனுப்பியவரிடம் திரும்பக் கேட்பது ஒன்றே வழி.

சமன் குறி, ஈ, பூச்சியம், சமன் குறி, ஏ, ஈ என்று சமன் குறியாகவே நிறைந்து வருவதும் உண்டு. பழைய மெயில் பாதைகள் ஆங்கிலம் மட்டுமே போகும் ஒற்றையடிப் பாதைகள். மற்ற மொழிகளையும் அதில் கொண்டுபோக 1992ல் 'மைம்' என்ற ஏற்பாடு வந்தது. தமிழ்த் துண்டு ஒவ்வொன்றையும் சமன் குறியும் இரண்டு ஆங்கில எழுத்துமாகக் கட்டி அனுப்பும். நம் 'அம்மா' இங்கே 45 எழுத்து! வாங்கும் மென்பொருள் கட்டை அவிழ்க்க மறந்தால் இப்படித் தெரியும். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. வேறு மெயில் செயலியில் திறந்தால் தெரியும். தலைப்பு வரியில் மட்டும் இப்படிக் குழம்பி, உள்ளே தமிழ் நன்றாக இருந்தால் சும்மா விட்டுவிடலாம்.

எழுத்து தெரிகிறது, ஆனால் கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கிறது என்றால் அது அடித்த முறையில் உள்ள பிழை. பாமினியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க'. யுனிகோட்டில் முதலில் 'க' போய்ச் சேரவேண்டும், பிறகுதான் கொம்பு. பழக்கதோஷத்தில் கொம்பை முன்னே வைத்தால் அது பிடிக்க ஆளில்லாமல் வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாசிக்கலாம், ஆபத்தில்லை.

இணைப்பாக வரும் ஃபைல்கள்

பாமினியில் அடித்த வேர்ட் ஃபைலைப் போனில் திறந்தால் மெயிலில் நடந்த அதே சட்டைக் கழற்றல்தான் நடக்கும். ஆனால் அதையே பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்பினால் எழுத்துருவும் கூடவே உள்ளே போய்விடும், எந்தப் போனிலும் ஒரே மாதிரித் தெரியும். ஆகவே பாமினியை விடமுடியாத கடைக்காரரிடம் சண்டை பிடிக்காமல், "பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்க நானா" என்று கேளுங்கள். கல்முனையில் நாங்கள் பேசி முடித்ததும் இதுதான். மெயிலுக்குள் அடிக்கும் இரண்டு வரியை மட்டும் போனின் தமிழ்க் கீபோர்ட்டில் அடிப்பதாக அவர் ஒத்துக்கொண்டார். போனில் தமிழ்க் கீபோர்ட் போட்டு அடிப்பது யுனிகோட்தான், அதற்குத் தனியாக ஒன்றும் செய்யவேண்டியதில்லை.

'வின்மெயில்' என்ற பேரில், முடிவில் 'டாட்' என்று ஒரு இணைப்பு வந்து திறக்காமல் நின்றால், அனுப்பியவர் அவுட்லுக் என்ற நிரலில் தனக்கு மட்டும் விளங்கும் வடிவத்தில் அனுப்பியிருக்கிறார். 'எச்.டி.எம்.எல்.' வடிவத்திலோ வெறும் எழுத்தாகவோ திரும்ப அனுப்பச் சொன்னால் போதும்.

சம்பள விபரம், புள்ளி விபரம் போன்ற கட்டம் போட்ட கணக்குகளை இடைவெளி தட்டித் தட்டி மெயிலில் அடித்தால், போனில் பார்க்கும்போது ஒரு ஆளின் தொகை இன்னொரு ஆளின் பேருக்கு நேரே வந்து நிற்கும். நம் காரியாலயத்திலேயே ஒரு முறை இப்படி நடந்து, இரண்டு வீட்டார் வந்து நின்றார்கள். அது எங்கள் பிழை. இப்போது கட்டக் கணக்கென்றால் பி.டி.எஃப். மட்டும்.

விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்கு

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டினால் ஒலுவில். 1995ல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996ல் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். மலையகத்துப் பிள்ளைகளும் அந்தக் கரைக்குப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் வீட்டாருக்கும் சில வார்த்தை.

மெயிலின் தலைப்பு வரியில் உங்கள் பேரையும் விண்ணப்ப இலக்கத்தையும் ஆங்கிலத்திலும் ஒரு தரம் எழுதுங்கள். தமிழ் குழம்பினாலும் ஆள் யார் என்று தெரியும். இணைப்பு ஃபைலுக்கும் ஆங்கிலத்தில் பேர் வையுங்கள். அனுப்புவதற்கு முன் உங்களுக்கே ஒரு தரமும், வேறு போன் வைத்திருக்கும் சிநேகிதிக்கு ஒரு தரமும் அனுப்பி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். ஸ்பாம் என்ற குப்பைப் பெட்டியையும் கிழமைக்கு ஒரு தரமாவது திறந்து பாருங்கள். ஜீமெயில் 30 நாளில் அதைத் தானாக அழித்துவிடும். மெயில் மிக நீளமாக இருந்தாலும் ஜீமெயில் பாதியில் வெட்டி, முழுவதையும் பார் என்று அடியில் ஒரு வரி வைக்கும். அதைத் தட்டாமல் பாதிக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

வாசிக்க முடியாத மெயில் வந்தால் வெட்கப்படாமல் உடனே பதில் போடுங்கள். சும்மா இருந்தால் அந்தப் பக்கத்தார் நமக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். தாங்கள் அனுப்பிய மெயில் கிடைத்தது. ஆனால் தமிழ் எழுத்துகள் எனது போனில் வாசிக்க முடியாதவாறு உள்ளன. தயவுசெய்து யுனிகோட் எழுத்திலோ பி.டி.எஃப். ஆகவோ மீண்டும் அனுப்பி உதவவும். அவசரமெனின் எனது தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கவும்."

இதையே ஆங்கிலத்திலும் இரண்டு வரி எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. நம் தமிழ் அவர்களுக்குக் குப்பையாகத் தெரியக்கூடுமல்லவா.

அந்தப் பிள்ளைக்குப் பயிற்சிநெறியில் இடம் கிடைத்தது. இப்போது அங்கே தங்கிப் படிக்கிறது. அம்மாவுக்குத் தமிழில் மெயில் போட்டதாம், அம்மாவின் பழைய போனில் பெட்டி பெட்டியாகத்தான் வந்திருக்கிறது. "மகள் பெட்டி அனுப்பியிருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்கன்னு தபால் கந்தோருலயா சொல்லப் போறாங்க?" என்று சிரித்துக்கொண்டு போனை நீட்டினார். எங்கள் போனுக்கு ஃபோர்வர்ட் பண்ணி வாசித்துக் காட்டினோம். ஹொஸ்டலில் மீன் கறி நல்லாயிருக்கிறதாம், வெயில்தான் தாங்கவில்லையாம்.